பதிவுகளுக்குத் தனித்த அடையாள எண் வழங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தகவலை அட்டவணைகளாகச் சேமிக்கும் ரிலேஷனல் தரவுத்தளங்களைக் கொண்டு மென்பொருள் எழுதுபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களின் தொகுப்பு இது. கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. முன்னால் சொன்னதை மறுபடி எழுதாமல் அந்தப் பதிலைச் சுட்டியிருப்பதால், முதல் முறை படிப்பவர்கள் வரிசையாகவே படிப்பது நல்லது.

1. மின்னஞ்சல், கைபேசி எண் எல்லாம் ஏற்கெனவே அட்டவணையில் இருக்கின்றன. தனியாக ஓர் ஐடி எதற்கு?

மின்னஞ்சல் மாறும், கைபேசி எண்ணை ஒருவர் விட்டால் சில காலம் கழித்து அதே எண் வேறொருவருக்குப் போகும், பெயர் ஒரே மாதிரி பலருக்கு இருக்கும். இவற்றில் ஒன்றைப் பிரைமரி கீயாக (பதிவை அடையாளம் காட்டும், இரு பதிவுகளுக்கு வர முடியாத மதிப்பு) வைத்து, அதைப் பத்து அட்டவணைகள் ஃபாரின் கீயாக (வேறோர் அட்டவணையின் பதிவைச் சுட்டும் மதிப்பு) சுட்டிக்கொண்டிருக்கும்போது அந்த மதிப்பு மாறினால், பத்து இடங்களிலும் மாற்ற வேண்டியிருக்கும். எந்தப் பொருளும் இல்லாத ஓர் எண்ணுக்கு மாறவேண்டிய காரணமே எழாது என்பதுதான் அதன் பலம்.

ஆனால் ஐடி வைத்துவிட்டோம் என்பதற்காக மின்னஞ்சல் மீதான யுனிக் கட்டுப்பாட்டை (ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுப்பது) விட்டுவிடக் கூடாது. ஐடி மட்டும் இருந்தால் ஒரே ஆள் 57 என்றும் 912 என்றும் இரண்டு முறை பதிவாகலாம். தரவுத்தளத்தின் பார்வையில் இரண்டும் வெவ்வேறு பதிவுகள்தான்.

2. மேக்ஸ் எடுத்து ஒன்றைக் கூட்டிக்கொள்கிறேன். இத்தனை நாளாக நன்றாகத்தானே ஓடுகிறது?

மேக்ஸ் என்றால் அட்டவணையில் இருக்கும் மிகப் பெரிய ஐடி எண். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுதும் வரை ஓடும். இரண்டு பேர் எழுதும் தருணத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அட்டவணையில் கடைசி எண் 41. முதல் செஷன் (தரவுத்தளத்தோடு ஒருவர் வைத்திருக்கும் இணைப்பு) மேக்ஸைக் கேட்கிறது, 41 என்று பதில் வருகிறது. அது இன்செர்ட் செய்வதற்குள் (புதிய பதிவைச் சேர்ப்பதற்குள்) இரண்டாவது செஷனும் மேக்ஸைக் கேட்கிறது. முதல் செஷன் இன்னும் எதையும் எழுதவில்லை, ஆகவே அதற்கும் 41. இருவரும் 42 என்று முடிவு செய்கிறார்கள். அந்த நெடுவரிசையில் பிரைமரி கீ இருந்தால் இரண்டாமவருக்குப் பிழை வரும். இல்லாவிட்டால் இரண்டு 42-கள் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டில் பிழை வருவதுதான் நல்ல முடிவு. சத்தமில்லாத இரண்டு 42-களை நான் ஒரு முறை சுத்தம் செய்திருக்கிறேன். கடினமாக இருந்தது அந்த இரண்டு பதிவுகள் அல்ல, 42-ஐச் சுட்டிக்கொண்டிருந்த மற்ற அட்டவணைகளின் பதிவுகளில் எது எந்த 42-ஐச் சேர்ந்தது என்று பிரிப்பதுதான். மேக்ஸைக் கேட்பதற்கும் இன்செர்ட்டுக்கும் இடையிலான அந்த இடைவெளி சில மில்லிவிநாடிகள்தான் என்பதால் சோதனைக் கணினியில் இது தென்படுவதே இல்லை; பயன்பாடு கூடக் கூடத்தான் வெளியே வரும்.

3. அதையே ஒரு டிரான்சாக்ஷனுக்குள் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. டிரான்சாக்ஷன் என்பது ஒரு தொகுதிக் கட்டளைகளுக்கு ‘எல்லாம் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது’ என்ற உறுதிமொழி. ‘அடுத்தவர் காத்திருப்பார்’ என்ற உறுதிமொழி அன்று. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் இயல்பு நிலையான ரீட் கமிட்டெட் நிலையில், மற்றவர் கமிட் செய்யாத (இறுதியாக்காத) பதிவு உங்கள் கண்ணுக்கே தெரியாது. ஆகவே முந்தைய பதிலில் சொன்ன காட்சி அப்படியே டிரான்சாக்ஷனுக்குள்ளும் நடக்கும். மேக்ஸையும் இன்செர்ட்டையும் ஒரே கட்டளையாக இணைத்தாலும் இடைவெளி குறுகுமே தவிர மூடாது.

டிரான்சாக்ஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது போன்ற முடிவையே ஏற்கும் சீரியலைசபிள் நிலைக்குப் போனால் மோதலைத் தரவுத்தளமே கண்டுபிடித்து ஒருவரைப் பிழையுடன் திருப்பி அனுப்பும். அவரை மறுபடி முயல வைக்கும் நிரலை நீங்கள் எழுத வேண்டும். அட்டவணை முழுவதையும் பூட்டுவதும் ஒரு வழிதான், ஆனால் எல்லா இன்செர்ட்டுகளும் ஒற்றை வரிசையில் நிற்கும். எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும் என்பதால் அங்கே ஒரே கட்டளையாக எழுதப்பட்ட மேக்ஸ் முறை மோதாது. அங்கே பழகிய கையோடு வேறு தரவுத்தளத்துக்கு மாறுபவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

4. அப்படியானால் சரியான வழிதான் எது?

எண் கொடுக்கும் வேலையைத் தரவுத்தளத்திடமே விட்டுவிடுவது. மைஎஸ்கியூஎல்லில் அது ஆட்டோ இன்கிரிமென்ட். எஸ்கியூஎல் சர்வரில் ஐடென்டிட்டி. போஸ்ட்கிரெஸிலும் ஆரக்கிளிலும் நெடுங்காலமாகச் சீக்வென்ஸ், அதாவது கேட்கும்போதெல்லாம் அடுத்த எண்ணைத் தரும் தனி எண்ணி (கவுண்டர்). ஆரக்கிள் 2013-இல் வந்த 12சி பதிப்பிலும், போஸ்ட்கிரெஸ் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலும் ஐடென்டிட்டி நெடுவரிசைகளைச் சேர்த்துக்கொண்டன. உள்ளே ஓடுவது சீக்வென்ஸ்தான்.

சீக்வென்ஸ் பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம், அது உங்கள் டிரான்சாக்ஷனுக்கு வெளியே நிற்பது. ஒருவர் கேட்டதும் எண்ணைக் கொடுத்துவிட்டு உடனே முன்னே நகர்ந்துவிடும். கேட்டவர் கமிட் செய்தாரா, ரோல்பேக் செய்தாரா (எழுதியதைத் திரும்பப் பெற்றாரா) என்று திரும்பிப் பார்க்காது. யாருக்காகவும் காத்திருக்காமல் இருப்பதால்தான் வேகம். திரும்பிப் பார்க்காமல் இருப்பதால்தான் 6-ஆம் கேள்வியில் வரும் விடுபடல். இரண்டையும் பிரிக்க முடியாது.

5. எனக்குக் கிடைத்த எண் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்செர்ட் செய்த கையோடு மேக்ஸ் எடுக்கலாமா?

எடுக்கக் கூடாது. உங்கள் இன்செர்ட்டுக்கும் அந்த மேக்ஸுக்கும் இடையில் வேறொருவர் நுழைந்திருந்தால், அவருடைய எண்ணை உங்களுடையது என்று எடுத்துக்கொள்வீர்கள். போஸ்ட்கிரெஸில் இன்செர்ட்டோடு ‘ரிட்டர்னிங்’ என்று சேர்த்தால் அதே கட்டளை எண்ணைத் திருப்பித் தரும். மைஎஸ்கியூஎல்லின் ‘லாஸ்ட் இன்செர்ட் ஐடி’ ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியாக நினைவில் வைக்கப்படுவதால் மற்றவர்களின் இன்செர்ட் அதைக் குழப்பாது. ஆனால் பல பதிவுகளை ஒரே கட்டளையில் சேர்த்தால் அது தருவது முதல் எண்ணை, கடைசி எண்ணை அன்று. கனெக்ஷன் பூல் (பலர் பகிர்ந்துகொள்ளும் இணைப்புகளின் தொகுப்பு) பயன்படுத்துபவர்கள் இரண்டு கட்டளைகளும் ஒரே இணைப்பில் போகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எஸ்கியூஎல் சர்வரில் ஒரு பழைய பொறி இருக்கிறது. ‘அட் அட் ஐடென்டிட்டி’ என்பது அந்த இணைப்பில் கடைசியாக உருவான எண்ணைத் தரும். உங்கள் அட்டவணையில் யாரோ ஒரு டிரிகர் (பதிவு சேரும்போது தானாக ஓடும் கட்டளை) வைத்து, அது தணிக்கை அட்டவணையில் ஒரு பதிவைச் சேர்த்தால், உங்கள் கைக்கு வருவது தணிக்கை அட்டவணையின் எண். ‘ஸ்கோப் ஐடென்டிட்டி’யோ ‘அவுட்புட்’ பகுதியோ பயன்படுத்தினால் இந்தக் குழப்பம் இல்லை.

6. 1041-க்கு அடுத்து 2042 வந்திருக்கிறது. நடுவில் ஆயிரம் பதிவுகள் அழிந்துவிட்டனவா?

பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது. ரோல்பேக் ஆன டிரான்சாக்ஷன் வாங்கிய எண் திரும்ப வராது. ‘இருந்தால் விட்டுவிடு’ வகை இன்செர்ட்டுகள், பதிவு சேராவிட்டாலும் எண்ணை விழுங்கிவிடும். வேகத்துக்காகத் தரவுத்தளம் எண்களைக் கொத்தாக முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். திடீரென்று நின்றுபோனால் அந்தக் கொத்தில் மிஞ்சியவை போய்விடும்.

கொத்தின் அளவு தெரிந்தால் தாவலின் காரணமும் தெரிந்துவிடும். எஸ்கியூஎல் சர்வர் 2012 முதல், நான்கு பைட் முழு எண்ணான இன்ட் ஐடென்டிட்டிக்கு 1000, எட்டு பைட்டான பிக்இன்ட்டுக்கு 10,000. ஆரக்கிள் சீக்வென்ஸின் இயல்பு அளவு 20. போஸ்ட்கிரெஸ் 32 எண்களை முன்னதாகவே லாகில் குறித்துவைப்பதால், கிராஷுக்குப் பின் அந்த அளவுக்குத் தாவக்கூடும். ஏறத்தாழ ஆயிரம் தாவியிருந்தால், அந்த நேரத்தில் எஸ்கியூஎல் சர்வர் எதிர்பாராமல் மறுதொடக்கம் ஆனதா என்று முதலில் பாருங்கள்.

7. கணக்குப் பிரிவினர் பட்டியல் (இன்வாய்ஸ்) எண் ஒன்றுகூட விடுபடக் கூடாது என்கிறார்கள். என்ன செய்வது?

அவர்கள் கேட்பது நியாயமான தேவையாக இருக்கலாம். ஆனால் அது அடையாள எண்ணின் வேலை அன்று. ஐடி தன்பாட்டில் தாவித் தாவி ஓடட்டும். பட்டியல் எண்ணுக்கு வேறொரு நெடுவரிசை வையுங்கள். அதற்கும் யுனிக் கட்டுப்பாடு போடுங்கள்.

விடுபடாத எண்ணுக்கு, ஒரே பதிவு கொண்ட ஓர் எண்ணி அட்டவணை போதும். டிரான்சாக்ஷனுக்குள் அந்தப் பதிவை அப்டேட் செய்து ஒன்று கூட்டி, கிடைத்த மதிப்பைப் பட்டியலில் எழுதி, கமிட் செய்ய வேண்டும். அப்டேட் அந்தப் பதிவைப் பூட்டிவிடுவதால் அடுத்தவர் உங்கள் கமிட் வரை காத்திருப்பார். நீங்கள் ரோல்பேக் செய்தால் எண்ணியும் பழைய மதிப்புக்குத் திரும்பிவிடும். விலை இந்தக் காத்திருப்புதான். ஆகவே எண் வாங்கும் வேலையை டிரான்சாக்ஷனின் கடைசி வேலையாக வையுங்கள். எண்ணை வாங்கிவிட்டு வெளிச் சேவை ஒன்றை அழைத்து மூன்று விநாடி காத்திருந்தால், அந்த மூன்று விநாடியும் யாராலும் பட்டியல் போட முடியாது. ரத்தான பட்டியலை டெலீட் செய்யாமல் ‘ரத்து’ என்று குறித்து வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டெலீட் செய்துவிட்டு எண் விடுபட்டதாகப் புகார் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

8. கடைசிப் பதிவை டெலீட் செய்தால் அதே எண் மறுபடி வருமா?

தரவுத்தளத்தைப் பொறுத்தது. மைஎஸ்கியூஎல் பதிவுகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் இன்னோடிபி, 8.0 பதிப்புக்கு முன்புவரை எண்ணியை நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்தது. சர்வர் மறுதொடக்கம் ஆனதும் அட்டவணையின் மேக்ஸைப் பார்த்து எண்ணியை மறுபடி அமைத்துக்கொள்ளும். ஆகவே கடைசிப் பதிவுகளை டெலீட் செய்துவிட்டு மறுதொடக்கம் செய்தால் அதே எண்கள் புதியவர்களுக்குப் போயின. 2003-இல் 199 என்ற எண்ணில் பதிவான இந்தக் குறை, 8.0 பதிப்பில்தான் தீர்ந்தது. எஸ்கியூலைட்டில் வெறும் ‘இன்டிஜர் பிரைமரி கீ’ என்றால் கடைசி எண் மறுபடி வரக்கூடும். ‘ஆட்டோ இன்கிரிமென்ட்’ என்ற சொல்லைச் சேர்த்தால் வராது.

அதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பார்கள். டெலீட் ஆன 500-ஐ இன்னும் சுட்டிக்கொண்டிருக்கும் லாக் வரிகள், பழைய மின்னஞ்சல் இணைப்புகள், வேறோர் அமைப்புக்கு ஏற்கெனவே அனுப்பிய தரவு ஆகிய அனைத்தும் இப்போது புதிய 500-ஐக் காட்டும். ஒருவரின் பழைய இணைப்பு இன்னொருவரின் பதிவைத் திறப்பது சிறு பிழை அன்று.

9. பேக்கப்பை மீட்டபின் இன்செர்ட் எல்லாம் ‘டூப்ளிகேட் கீ’ என்று விழுகிறது. சிலமுறை முயன்றால் சரியாகிவிடுகிறது. பேய் பிடித்திருக்கிறதா?

பேய் இல்லை, பின்தங்கிய சீக்வென்ஸ். போஸ்ட்கிரெஸில் ஐடி மதிப்பை நீங்களே கொடுத்து இன்செர்ட் செய்தால் சீக்வென்ஸுக்கு அது தெரியாது. 1 முதல் 300 வரை பதிவுகளைக் கையால் ஏற்றியிருப்பீர்கள். சீக்வென்ஸ் இன்னும் 1-இல் நிற்கும். முதல் முயற்சிக்கு 1 தரும், மோதும். அடுத்ததற்கு 2, மோதும். 4-ஆம் பதிலில் சொன்னபடி தோற்ற முயற்சியும் ஓர் எண்ணைச் செலவழிப்பதால், 300 தோல்விகளுக்குப் பின் 301 கிடைத்து எல்லாம் தானாகச் சரியானது போலத் தோன்றும்.

மேக்ஸைப் பார்த்துச் சீக்வென்ஸை ‘செட்வால்’ கொண்டு ஒரு முறை முன்னே நகர்த்தினால் தீர்ந்தது. மேக்ஸைப் பயன்படுத்தலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் ஓரிடம் இதுதான், அதுவும் வேறு யாரும் எழுதாத நேரத்தில். ஐடென்டிட்டி நெடுவரிசையை ‘ஜெனரேட்டட் ஆல்வேஸ்’ என்று அறிவித்தால் கையால் மதிப்புக் கொடுப்பதே தடுக்கப்படும். பெரிய தடையன்று, ஆனால் கவனக்குறைவைப் பிடித்துவிடும்.

10. இன்ட் போதுமா, பிக்இன்ட் வேண்டுமா?

பிக்இன்ட். குறியுள்ள இன்ட்டின் எல்லை 2,147,483,647. விநாடிக்கு 100 எண் செலவானால் 248 நாட்களில் தீர்ந்துவிடும். விடுபட்ட எண்களும் செலவுக் கணக்கில் சேரும். பிக்இன்ட்டின் எல்லையை விநாடிக்குப் பத்து லட்சம் வீதம் செலவழித்தாலும் தொட 2,92,000 ஆண்டுகளுக்கு மேலாகும். ஒரு பதிவுக்குக் கூடுதலாக நான்கு பைட் என்பது இதற்கு முன் பொருட்டே அன்று. பிரைமரி கீயை மட்டும் மாற்றிவிட்டு அதைச் சுட்டும் ஃபாரின் கீ நெடுவரிசைகளை இன்ட்டாகவே விட்டுவிடாதீர்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ஒரு சிக்கல் காத்திருக்கிறது: அங்கே பிழையின்றிக் கையாளக்கூடிய முழு எண்ணின் எல்லை 9,007,199,254,740,991. அதைத் தாண்டிய ஐடியை ஜேசனில் (தரவை உரையாக அனுப்பும் வடிவம்) எண்ணாக அனுப்பினால் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும். டுவிட்டர் தன் ஐடிகளை எண்ணாகவும் சரமாகவும் சேர்த்து அனுப்பியது இதனால்தான்.

11. ஐடி வரிசையைப் பார்த்தால் எது முதலில் வந்தது என்று தெரிந்துவிடுமே?

இந்த நம்பிக்கையைப் போல நாசூக்காகத் தரவைத் தொலைக்க வைப்பது வேறொன்றும் இல்லை. எண் கிடைக்கும் வரிசை வேறு, கமிட் ஆகும் வரிசை வேறு. முதல் செஷன் 101-ஐ வாங்கிவிட்டு நீண்ட வேலையில் இருக்கிறது. இரண்டாவது செஷன் 102-ஐ வாங்கி உடனே கமிட் செய்கிறது. இந்த நேரத்தில், புதிய பதிவுகளை வேறோர் அமைப்புக்கு எடுத்துச் செல்லும் நிரல் வந்து, ‘நான் கடைசியாகப் பார்த்தது 100, அதற்கு மேல் என்ன இருக்கிறது’ என்று கேட்கிறது. அதன் கண்ணில் படுவது 102 மட்டுமே. ‘கடைசியாகப் பார்த்தது 102’ என்று குறித்துக்கொண்டு போய்விடுகிறது. பின்னர் 101 கமிட் ஆகிறது. அதை இனி யாரும் எடுக்க வரப்போவதில்லை. எந்தப் பிழைச் செய்தியும் கிடையாது.

சீக்வென்ஸுக்குக் கேஷ் அளவு (6-ஆம் பதிலில் சொன்ன கொத்து) 20 என்று வைத்தால் போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு செஷனும் தன் பங்கைத் தனியாக வைத்துக்கொள்ளும். ஒருவர் 1 முதல் 20 வரையும், மற்றவர் 21 முதல் 40 வரையும் ஒரே நேரத்தில் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நேர முத்திரை நெடுவரிசையும் இதற்குத் தீர்வன்று, ஏனெனில் அதுவும் கமிட்டுக்கு முன்பே எழுதப்படுகிறது. ஒவ்வொரு முறையும் சற்றுப் பின்னோக்கிப் போய்ப் படித்து, ஏற்கெனவே எடுத்தவற்றைத் தவிர்ப்பது ஓர் எளிய வழி. மிக நீண்ட டிரான்சாக்ஷன் எவ்வளவு நேரம் ஓடும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தரவுத்தளத்தின் மாற்றப் பதிவேட்டையே, அதாவது மைஎஸ்கியூஎல்லில் பின்லாகையும் (binlog) போஸ்ட்கிரெஸில் வாலையும் (WAL), பின்தொடர்வது உறுதியான வழி.

12. ஐடி வலை முகவரியில் தெரிந்தால் ஆபத்தா?

இரண்டு ஆபத்துகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, 1041-ஐ 1042 என்று மாற்றி அடுத்தவரின் பதிவைப் பார்ப்பது. இது எண்ணின் குற்றமன்று. கேட்பவருக்கு அந்தப் பதிவைப் பார்க்க அனுமதி உண்டா என்று சர்வர் சரிபார்க்காததன் குற்றம். ஊகிக்க முடியாத ஐடிக்கு மாறினாலும் அந்தச் சரிபார்ப்பு இருந்தே ஆக வேண்டும், ஏனெனில் முகவரிகள் மின்னஞ்சலிலும் லாகிலும் கசியும்.

இரண்டாவது, எண்ணிக்கை கசிவது. இரண்டாம் உலகப் போரில் கைப்பற்றிய ஜெர்மானிய டாங்கிகளின் வரிசை எண்களைக் கொண்டு நேச நாடுகளின் புள்ளியியலாளர்கள் 1942 ஆகஸ்ட் உற்பத்தியை 327 என்று கணித்தார்கள். உளவுத் துறையின் மதிப்பீடு 1,550. போருக்குப் பின் கிடைத்த ஆவணங்களின்படி உண்மை 342. இன்று ஒரு கணக்கும் ஒரு மாதம் கழித்து இன்னொரு கணக்கும் தொடங்கி இரண்டு எண்களைக் கழிப்பவருக்கு, உங்கள் வளர்ச்சி விகிதம் தெரிந்துவிடும். அது வெளியே தெரியக் கூடாது என்றால், உள்ளே பிக்இன்ட்டும் வெளியே காட்ட ஒரு ரேண்டம் குறியீடுமாக இரண்டு நெடுவரிசைகள் வைப்பதே எனக்குப் பிடித்த ஏற்பாடு.

13. யூயூஐடி வைத்தால் மோதவே மோதாது என்பது உண்மையா?

யூயூஐடி என்பது எந்தக் கணினியும் தானே உருவாக்கிக்கொள்ளும் 128 பிட் அடையாளம். அதன் 4-ஆம் வகையில் 128 பிட்களில் 122 ரேண்டம். அது ஏறத்தாழ 5.3 × 10³⁶ வாய்ப்புகள். விநாடிக்கு 100 கோடி வீதம் சுமார் 86 ஆண்டுகள் உருவாக்கிக்கொண்டே இருந்தால்தான் ஒரு மோதலுக்கான வாய்ப்பு பாதியை எட்டும். நடைமுறையில் மோதாது என்று சொல்லலாம், ரேண்டம் உண்மையிலேயே ரேண்டமாக இருந்தால்.

நிபந்தனை அங்கேதான். இயக்குதளத்தின் பாதுகாப்பான ரேண்டம் மூலத்தைப் பயன்படுத்தாமல் சாதாரண ரேண்டம் சார்பைக் கொண்டு யாரோ எழுதிய யூயூஐடி நிரல், ஒரே விதை மதிப்பில் தொடங்கிய இரண்டு புராசஸ்களில் ஒரே தொடரைத் தரும். மோதும் யூயூஐடிகளைப் பற்றிக் கேள்விப்பட்டால் நிகழ்தகவைச் சந்தேகிக்காமல் உருவாக்கும் நிரலைச் சந்தேகியுங்கள். பிரைமரி கீயாக அறிவிக்கும் பழக்கத்தையும் விடாதீர்கள்.

14. ஆறு இலக்கத்தில் ரேண்டம் குறியீடு கொடுக்கிறேன். பத்து லட்சம் வாய்ப்பு இருக்கிறதே, போதாதா?

23 பேர் இருக்கும் அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்ற பழைய கணக்குத்தான் இங்கேயும். பத்து லட்சம் மதிப்புகளில் ஏறத்தாழ 1,180 குறியீடுகள் கொடுத்ததுமே, எங்காவது ஒரு மோதல் நடந்திருக்கும் வாய்ப்பு பாதியைத் தொட்டுவிடும். குறுகிய குறியீடு வைக்கவே கூடாது என்பதில்லை. மோதும் என்று எதிர்பார்த்து அடுத்த கேள்வியில் சொல்வதுபோல எழுதுங்கள்.

15. இன்செர்ட்டுக்கு முன் ‘இருக்கிறதா’ என்று செலக்ட் செய்து பார்த்துவிடுகிறேன். அது போதும்தானே?

2-ஆம் கேள்வியின் மேக்ஸ், இங்கே வேறு வேடத்தில் வந்திருக்கிறது. இருவரும் பார்ப்பார்கள், இருவருக்கும் ‘இல்லை’ என்று வரும், இருவரும் எழுதுவார்கள். பார்ப்பதையும் எழுதுவதையும் பிரிக்காமல் செய்யக்கூடியது யுனிக் கட்டுப்பாடு மட்டுமே. ஆகவே நேரடியாக இன்செர்ட் செய்யுங்கள். பிழை வந்தால் புதிய குறியீட்டோடு மறுபடி முயலுங்கள். போஸ்ட்கிரெஸில் அந்தப் பிழையின் குறி 23505, மைஎஸ்கியூஎல்லில் 1062. எந்தப் பிழை வந்தாலும் மறுபடி முயலாமல் இந்தக் குறியைப் பார்த்து மட்டும் முயலுங்கள். முயற்சிக்கு ஒரு வரம்பும் வையுங்கள்.

போஸ்ட்கிரெஸில் ஒரு பிழை வந்தால் டிரான்சாக்ஷன் முழுவதும் பயனற்றதாகிவிடும். நடுவில் மறுமுயற்சி செய்ய ஒரு சேவ்பாயின்ட் (அதுவரை மட்டும் பின்வாங்கக்கூடிய இடம்) வேண்டும், அல்லது ‘ஆன் கான்ஃபிளிக்ட் டு நத்திங்’ என்று எழுதி, எந்தப் பதிவும் திரும்பி வராவிட்டால் மறுபடி முயலலாம்.

16. யூயூஐடியைப் பிரைமரி கீயாக வைத்தால் மெதுவாகிவிடும் என்கிறார்களே?

இன்னோடிபி தன் பதிவுகளைப் பிரைமரி கீயின் வரிசையிலேயே 16 கேபி பக்கங்களில் அடுக்கி வைக்கிறது. ஏறுவரிசை எண் என்றால் எல்லாப் புதிய பதிவுகளும் கடைசிப் பக்கத்தில் சேரும். அது நினைவகத்திலேயே இருக்கும். ரேண்டம் யூயூஐடி என்றால் ஒவ்வொன்றும் வெவ்வேறு பக்கத்தில் நுழைந்து பக்கங்களைப் பிளக்கும். அட்டவணை நினைவகத்தைவிடப் பெரிதானதும் ஒவ்வோர் இன்செர்ட்டும் டிஸ்க்கைத் தொடத் தொடங்கும். மற்ற இன்டெக்ஸ்கள் (தேடலை விரைவாக்கும் பட்டியல்கள்) ஒவ்வொன்றிலும் பிரைமரி கீயின் நகல் இருப்பதால் அதன் நீளமும் பலமடங்காகச் செலவாகும். யூயூஐடியை 36 எழுத்துச் சரமாகச் சேமிப்பதை முதலில் நிறுத்துங்கள். அதன் உண்மையான அளவு 16 பைட்தான்.

2024 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணம் இதற்காகவே 7-ஆம் வகையைத் தரப்படுத்தியது: முதல் 48 பிட்டில் மில்லிவிநாடி நேரம், பின்னால் 74 பிட் ரேண்டம். புதியவை ஏறத்தாழ வரிசையாகவே வருவதால் பக்கப் பிளவு பெருமளவு குறைகிறது. போஸ்ட்கிரெஸ் 18 இதை உள்ளேயே தருகிறது. பதிவு எப்போது உருவானது என்பது ஐடியிலேயே தெரிந்துவிடும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். எஸ்கியூஎல் சர்வர் யூயூஐடிகளை ஒப்பிடும்போது கடைசி ஆறு பைட்களை முதலில் பார்ப்பதால், 7-ஆம் வகையின் பயன் அங்கே அப்படியே கிடைக்காது. மைஎஸ்கியூஎல்லின் ‘யூயூஐடி’ சார்பு தருவது 1-ஆம் வகை. அது ஊகிக்க முடியாதது என்று நம்பி ரகசிய இணைப்புகளுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

17. இரண்டு சர்வர்களில் ஒரே நேரத்தில் எழுதுகிறோம். சீக்வென்ஸ் மோதாதா?

தனித்தனிச் சீக்வென்ஸ் என்றால் மோதும். ஒன்றுக்கு ஒற்றைப்படை, மற்றதற்கு இரட்டைப்படை என்று பிரிப்பது எளிய தீர்வு. மைஎஸ்கியூஎல்லில் தொடக்கத்தையும் தாவலையும் அமைக்க இரண்டு அமைப்புகளே உண்டு. எண் கொடுக்க மட்டும் இரண்டு மைஎஸ்கியூஎல் சர்வர்களை இப்படி ஒற்றை, இரட்டையாக ஓட்டுவதை ஃபிளிக்கர் 2010-இல் விளக்கியிருந்தது. தாவலை இரண்டு என்று வைத்துவிட்டால் மூன்றாவது சர்வரைச் சேர்ப்பது தலைவலி; தொடக்கத்திலேயே பத்து என்று வைத்துவிடுங்கள்.

அதே 2010-இல் டுவிட்டர் அறிமுகப்படுத்திய ஸ்னோஃபிளேக் முறையில், 41 பிட் மில்லிவிநாடி நேரம், 10 பிட் இயந்திர எண், 12 பிட் வரிசை எண் சேர்ந்து ஒரு பிக்இன்ட்டில் அடங்கும். ஓர் இயந்திரம் ஒரு மில்லிவிநாடியில் 4,096 எண்கள் கொடுக்கலாம், நேரப் பகுதி 69 ஆண்டுகள் தாங்கும். இதன் பலவீனம் கடிகாரம். நேர ஒத்திசைவு கடிகாரத்தைப் பின்னுக்கு இழுத்தால் கொடுத்த எண்ணையே மறுபடி கொடுக்கும் அபாயம் உண்டு. பின்னால் போனது தெரிந்தால் எண் தர மறுப்பதே சரி. இரண்டு இயந்திரங்களுக்கு ஒரே இயந்திர எண் போய்விடாமல் பார்ப்பதும் உங்கள் பொறுப்பு.

18. இணைப்பு துண்டித்ததால் மறுபடி அனுப்பினேன், ஒரே பதிவு இரண்டு ஐடியில் விழுந்துவிட்டது. ஐடி தனித்ததாகத்தானே இருக்கிறது?

ஐடி தனித்ததுதான், பதிவுதான் இரட்டை. முதல் கோரிக்கை கமிட் ஆன பின், பதில் திரும்பும் வழியில் இணைப்பு போயிருக்கும். சர்வர் எண் கொடுக்கும் முறையில், இரண்டாவது கோரிக்கை பழையதா புதியதா என்று சர்வரால் சொல்ல முடியாது. அனுப்புபவரே ஒரு யூயூஐடியை உருவாக்கி, மறுமுயற்சியிலும் அதையே அனுப்பி, அந்த நெடுவரிசையில் யுனிக் கட்டுப்பாடு இருந்தால், இரண்டாவது இன்செர்ட் மோதும். அந்த மோதலைப் பிழையாகக் காட்டாமல் ‘ஏற்கெனவே முடிந்தது’ என்று எடுத்துக்கொண்டு முதல் பதிவையே திருப்பி அனுப்பலாம்.

19. எங்கள் பழைய அமைப்பு மேக்ஸ் முறையில்தான் ஓடுகிறது. நிறுத்தாமல் எப்படி மாற்றுவது?

முதலில் ஐடி வாரியாகக் குழுவாக்கி, ஒன்றுக்கு மேல் இருப்பவற்றைத் தேடுங்கள். இருந்தால் 2-ஆம் பதிலில் சொன்ன பிரிக்கும் வேலை முடியும்வரை மேலே போக முடியாது. சுத்தமானதும் பிரைமரி கீயைப் போடுங்கள். அந்த நிமிடத்திலிருந்து, பழைய நிரல் ஓடினாலும் கெட்ட தரவு சேராது, பிழைதான் வரும்.

பிறகு மேக்ஸுக்கு வெகு மேலே, உதாரணமாக மேக்ஸ் 48,210 என்றால் 1,00,000-இல் தொடங்கும் சீக்வென்ஸை உருவாக்குங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: புதிய நிரல் 1,00,000-ஐ எழுதியதும், இன்னும் மாறாத பழைய நிரலின் மேக்ஸ் 1,00,000 ஆகி, அது 1,00,001-ஐ எழுதும்; சீக்வென்ஸும் அடுத்து அதையே தரும். ஆகவே இடைக்காலத்தில் மேலே தொடங்குவது மட்டும் காக்காது. எழுதும் நிரல்கள் அனைத்தையும், இரவில் ஓடும் தொகுப்பு வேலைகளையும் யாரோ கையால் ஓட்டும் ஸ்கிரிப்டுகளையும் சேர்த்து, ஒரே நேரத்தில் மாற்ற முடியாவிட்டால், இன்செர்ட்டுக்கு முன் ஓடும் ஒரு டிரிகரை வைத்து, யார் என்ன ஐடி கொடுத்தாலும் அதைத் தள்ளிவிட்டுச் சீக்வென்ஸிலிருந்து எடுக்கும்படி செய்யுங்கள். பழைய நிரல் தான் கணக்கிட்ட எண்ணையே ஃபாரின் கீயாக வேறு அட்டவணைகளில் எழுதுகிறது என்றால் இந்த டிரிகர் பொருந்தாது. அந்த நிரலைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.